எஞ்சின் இல்லாத விமானமும் பர்மா தேக்கு உத்தரமும்

திரிந்த பாலில் சுண்ணாம்பைக் குழைத்தால் வரும் வாடையை உங்களில் யாரும் முகர்ந்திருக்க மாட்டீர்கள். புளிப்பு முதலில் வரும், பின்னாலேயே மூக்கைச் சுண்டுகிற ஒரு காரம் வரும், அது போகாமல் சட்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கோட்டையூரில் எங்கள் அப்பா காவல் பார்த்த பெரிய வீட்டிலிருந்து அந்த வாடை ஒரு வருடம் முழுக்க வந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அதனாலேயே தூக்கம் கெட்டது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை, முன்னோர்களுக்குப் "படைப்பு" போட வருவார்கள். மற்ற நாளெல்லாம் சாவிக்கொத்து அப்பாவின் இடுப்பில்தான் கிடக்கும். நாங்கள் பின்கட்டில் இரண்டு அறையில் குடியிருந்தோம். வீட்டுத் தூண், கதவு, உத்தரம் எல்லாமே பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. சென்னைக்குத் திரும்பும்போதெல்லாம் வீட்டுக்கார ஆச்சி காரில் ஏறுவதற்கு முன் அப்பாவிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "மரத்துல ஒரு துண்டு கொறையக் கூடாது, பாத்துக்க." குறைந்தால் எங்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. அது சின்னப் பையனான எனக்கே தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் மரத்தை அறுத்து வேலை செய்ய ஒருவரை அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பெயர் முத்தையா, அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். ராணுவத்தில் விமானம் பழுதுபார்க்கிற பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத விமானம், செய்யப்போவதாகச் சொன்னார். ஒரு பக்கத்து இறக்கை மட்டுமே ஒரு பஸ் நீளம் வரும் என்றும், அதை வளையாமல் கிடத்திச் செய்வதற்கு வாசலிலிருந்து பின்கட்டு வரை ஓடும் எங்கள் வீட்டு நடை போல நீளமான இடம் இந்தப் பக்கத்தில் வேறு கிடையாது என்றும் கேட்டார். அப்பா சென்னைக்கு எழுதிக் கேட்டார். "வீடு பூட்டியே கிடக்காமல் மனித நடமாட்டம் இருக்கட்டும்" என்று பதில் அட்டை வந்தது. மரத்தைப் பற்றிய அந்த ஒரே வார்த்தை அதிலும் இருந்தது, அடிக்கோடு போட்டு.

முதலில் சந்தேகப்பட்டது அம்மாதான். எங்கள் பசுவின் பாலைத்தான் முத்தையா மாமா வாங்குவார். வாங்கிய பாலைக் காய்ச்ச மாட்டார், ஆடையை எடுத்துவிட்டு வேண்டுமென்றே திரிய விடுவார். பிழிந்து காயவைத்துப் பொடித்து, சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் குழைப்பார்.

"என்னண்ணே, பாலத் திரிய விடுறீக? எங்க மாட்டுக்கு ஆகாதுண்ணே."

"பசைம்மா, மரம் ஒட்டுற பசை."

"பசைய டின்னுல விக்கிறாகளே?"

"டின்னுக்குள்ள என்ன இருக்கு, எப்பச் செஞ்சதுன்னு எவனுக்குத் தெரியும்? நானே செஞ்சாத்தான் எனக்கு நம்பிக்கை."

இந்தப் பதில் அம்மாவின் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. ஒட்டுவதற்கென்று பசை செய்கிறவர், காலையில் எழுந்ததும் கொல்லையில் உட்கார்ந்து, முதல்நாள் ஒட்டிய இரண்டு மரத்துண்டுகளைச் சுத்தியால் அடித்துப் பிளப்பார். மரம் கிழிந்து ஒட்டு நின்றால் தனக்குள் சிரித்துக்கொள்வார். மரம் நின்று ஒட்டு விட்டுப்போனால், முதல்நாள் வேலை முழுவதையும் பிய்த்துப் போட்டுவிடுவார். தான் குழைத்த பசையையே நம்பாத மனிதரை ஊர் எப்படி நம்பும், சொல்லுங்கள்.

அடுத்தது அவருக்கு வந்த வெளிநாட்டுத் தபால்கள். அவற்றில் வந்த படங்களை, சுவரில் ஒட்டக் கூடாது என்பதால், நடையில் கொடி கட்டித் துணி உலர்த்துவது போல "கிளிப்" போட்டுத் தொங்கவிட்டிருந்தார். முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனிக்கு எஞ்சின் வைத்த விமானம் செய்யத் தடை போட்டார்களாம். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் மலை உச்சிக்குப் போய், எஞ்சினே இல்லாமல் இறக்கையை நீட்டி நீட்டிச் செய்து பறந்தார்களாம். போலந்துக்காரர்கள் கடற்பறவையைப் போல இறக்கையை நடுவில் மடக்கிச் செய்தார்களாம். செக் நாட்டில் மரத்தை விட்டுத் தகரத்தைப் போல மெல்லிய உலோகத்தில் செய்தார்களாம். அமெரிக்காவில் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து வரும், வாங்கியவர் வீட்டுக் கொட்டகையிலேயே கோத்துக்கொள்ளலாமாம். மாமா செய்தது போலந்து வரைபடம். இதையெல்லாம் அவர் யாரிடமும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. கேட்டால் சிடுசிடுப்பார். கதவிடுக்கில் நூல் கட்டிவைத்து, தான் இல்லாதபோது யாராவது நுழைந்தார்களா என்று பார்க்கிற ஆள் அவர். அப்பாவிடம் அவர் பேசியதைத்தான் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஒரு பனை ஒசரம் எறங்குறதுக்குள்ள இருபது பனை தூரம் போயிரும் மாப்ள" என்பார்.

டீக்கடை ராமையாவுக்கு அது பொறுக்கவில்லை.

"எஞ்சின் இல்லாம பறக்குமாம்ல. மாடு இல்லாம வண்டி ஓடுமாம்."

"ஏன், பஸ்ஸு ஓடலயா?" என்று ஒருவர் கேட்டார்.

"அதுல எஞ்சின் இருக்குய்யா கூமுட்டை! இவன் எங்குட்டு ஒளிச்சு வச்சிருக்கான்னு சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பறக்குறதுக்கா செய்றான்? உத்தரத்த உருவி றெக்கைக்குள்ள வச்சு, பலகையடிச்சு, துணியப் போத்தி, விமானம்னு சொல்லி லாரில ஏத்திட்டுப் போயிருவான். படைப்புக்கு வந்து ஆச்சி மேல பாத்தாத்தான் தெரியும். காவக்காரனுக்குப் பங்கு இல்லாமயா?"

காவக்காரன் என்றது என் அப்பாவை. டீ வாங்கக் கொண்டுவந்த தூக்குவாளியோடு நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அன்றிலிருந்து தூண்களை எண்ண ஆரம்பித்தேன். தூண் குறையவில்லை. ஆனால் மாடி முகட்டில் இருந்த உத்தரங்களை எப்படி எண்ணுவது? ஒருநாள் விடியற்காலையில் அப்பாவும் மாமாவும் சாக்குப் போட்டு மூடிய நீளமான மரம் ஒன்றைப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். வெளியே கொண்டுபோகிறார்களா, உள்ளே கொண்டுவருகிறார்களா என்று பார்ப்பதற்குள் கதவு சாத்திவிட்டது. அன்று சாப்பிடும்போது அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாமா காரைக்குடிக்குப் போன ஒரு மத்தியானம், அப்பாவின் சாவியை எடுத்துக்கொண்டு நடைக்குள் போனேன். இறக்கைக்கு அப்போதுதான் துணி போர்த்தி, மேளத்தோல் போல விறைப்பாக இழுத்து, மேலே அரக்குப் பூச்சுப் பூசியிருந்தார். அதன் அடிப்பக்கத்தில் சவரப் பிளேடால் கை நுழையும் அளவுக்குக் கிழித்தேன். உள்ளே மீன் முள்ளைப் போல வரிசையாக மெல்லிய சட்டங்கள், அவற்றைத் தாங்கி நீளமாக ஒரு கட்டை. பிளேடால் அந்தக் கட்டையைச் சுரண்டினேன். வெள்ளையாக வந்தது. தேக்கு இல்லை. அன்று விடியற்காலையில் சாக்குக்குள் உள்ளே வந்தது இந்தக் கட்டைதான். மிச்சமெல்லாம் வெறும் காற்று.

எவ்வளவு பெரிய நிம்மதி! கிழிசலின் மேல் பழுப்புக் காகிதத்தைச் சோற்றுப்பசையால் ஒட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மாமா அம்மாவிடம், "துணியில விரக்கடைக் கிழிசல் இருந்தாப் போதும்மா, மேல போனதும் காத்து உள்ள பூந்து மொத்தத் துணியவும் உரிச்சுப்புடும். அப்புறம் ஆளு மிஞ்ச மாட்டான்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார். அதன் பிறகு அவர் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அப்பா "மாப்ள" என்று கூப்பிட்டால் சுத்தியல் சத்தம்தான் பதிலாக வரும். என்ன காரணம் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் கோபத்தில் மாமா வீட்டை விட்டே போய்விடுவார் என்றும், சொல்லாவிட்டால் அவர் உயிரே போய்விடும் என்றும் நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் கிடந்தேன்.

படைப்புக்குப் பத்து நாள் இருக்கையில் லாரி வந்தது. யுத்த காலத்தில் போட்டுவிட்டுப் போன பழைய ஓடுதளம் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு, முள்ளும் புல்லும் மண்டிக் கிடக்கும். அனுமதி வாங்க அலைந்து அலைந்து, கடைசியில் அங்கே கொண்டுபோனார்கள். ஊரே போயிற்று. இறக்கைகளை மாட்டி, ஜீப்பில் நீளக் கயிற்றைக் கட்டினார்கள். மாமா ஒவ்வொரு ஆணியையும் தொட்டு, ஒவ்வொரு கம்பியையும் இழுத்து, கிளைடரை மூன்று முறை சுற்றி வந்தார். இருக்கையில் உட்காரக் காலைத் தூக்கியபோது நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, ஏறாதீக! றெக்கையக் கிழிச்சது நாந்தான். தேக்கு இருக்கான்னு பாத்தேன்."

மாமா குனிந்து இறக்கையின் அடியைக் காட்டினார். நான் ஒட்டிய காகிதம் இல்லை. அந்த இடத்தில் புதுத் துணி சதுரமாகத் தைத்து ஒட்டியிருந்தது.

"அன்னைக்குச் சாயந்தரமே பாத்துட்டேன்டா. நூலு அறுந்து கெடந்துச்சு. சாவி ஒருத்தங்கிட்டதான இருக்குன்னு..." என்று இழுத்தவர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

கிளைடருக்கு ஒரே சக்கரம்தான், நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கிளம்பும்போது ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்து, நேராக நிறுத்தி, கூடவே ஓடிவர வேண்டும். அதற்கென்று காரைக்குடியிலிருந்து ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஆளை விலகச் சொன்னார்.

"மாப்ள, நீ வந்து நுனியப் பிடி."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். ஜீப் இழுத்தது. அப்பா ஓடினார், அவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பிறகு அந்த இறக்கை அவர் விரல்களை விட்டுத் தானாகவே நழுவிப் போயிற்று. சத்தமே இல்லாமல் ஏறி, கயிற்றை உதறிவிட்டு, ஒரு வட்டம் போட்டு, நாங்கள் வாய் மூடுவதற்குள் புல்லில் வந்து இறங்கியது. முதலில் பேசியவர் ராமையாதான்: "எஞ்சின் சத்தம் வெளிய கேக்காத மாதிரி செஞ்சிருக்கான்யா. பெரிய ஆளுதான்."

ஆச்சி வந்து அண்ணாந்து பார்த்தார்கள். உத்தரம் எதுவும் குறையவில்லை.

இப்போது விமானத்துக்கு யாரும் பாலில் பசை குழைப்பதில்லை. ஈரத்தில் அது பூஞ்சை பிடித்துவிடும் என்று என்றைக்கோ கைவிட்டுவிட்டார்களாம். இன்றைய கிளைடர்களைக் கண்ணாடி இழையில், அச்சில் ஊற்றி எடுத்தது போல வழுவழுப்பாகச் செய்கிறார்கள். என் மகள் போனில் காட்டினாள். ஒட்டு இல்லை, முள் வரிசை இல்லை, கிழித்துப் பார்க்கவும் வழி இல்லை. முத்தையா மாமா தன் கிளைடரை வடக்கே ஒரு பறக்கும் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். அவரும் இல்லை. பெரிய வீட்டின் நடையில் இப்போது வெளியூர்க்காரர்கள் தங்கும் அறைகள் இருக்கின்றன.

அப்பா போன வருடம் காலமானார். மாமா தன்மேல் சந்தேகப்பட்டதைப் பற்றிக் கடைசிவரை சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "அவன் தாம் பசையவே நம்பாதவன், என்னையா நம்புவான்?" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரிப்பேன். அன்றைக்கு நான் பிளேடை எடுத்தது மாமாவைச் சோதிப்பதற்கு மட்டுமல்ல, அப்பாவையும் சோதிப்பதற்குத்தான். அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை, பிள்ளைகளே.