வீட்டுக்குள் வந்த குழாய்

அப்பா போன பிறகு அம்மாவைக் கப்பலேற்றி போர்ட் பிளேருக்கு அழைத்து வந்தேன். அறுபதுகளின் கடைசி அது. என் கணவருக்கு அரசாங்க வேலை, பத்துபஸ்தி என்ற பகுதியில் குவார்ட்டர்ஸ். ஒரே மகள், என்னைவிட யார் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்று எனக்கு ஏகப்பட்ட மிதப்பு. ஒரு துரும்பைக்கூட அவளை நகர்த்த விடவில்லை. கஷாயம், முட்டிக்குத் தைலம், குழைந்த சோறு எல்லாம் கட்டிலுக்கே போயின. அம்மாவோ நாளுக்கு நாள் சுருங்கினாள். எழுந்து நடக்க என் தோள் வேண்டும். உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லாமத்தான் இப்படிக் கெடக்காளா?" என்று கணவரிடம் எரிந்து விழுந்தேன்.

எதிரே தகர வீட்டில் இருந்த பெங்காலி அம்மாளுக்கும் அம்மா வயதுதான். கவனிக்க மகளும் கிடையாது. ஆனாலும் தெருக்குழாயில் குடத்தைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போவாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு கோடைக்காலத்தில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கணவர் வேலையாகக் கப்பலில் ஹட் பே போயிருந்தார். கண் விழித்தால் அம்மாவையும் காணோம், சின்னக் குடத்தையும் காணோம். பதறிக்கொண்டு ஓடினேன். குழாயடியில், கவிழ்த்த வாளி மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெங்காலி, தெலுங்கு, மலையாளப் பெண்கள். குழாயில் வெறும் காற்றுதான் வந்தது.

"பானி ஆயா?" என்று, தண்ணீர் வந்ததா என ஒருத்தி இந்தியில் கேட்க, "நஹி ஆயா!" என்று அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி அம்மாவின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அம்மா அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அதன்பின் தினமும் போனாள். வாயைத் திறந்தால் தீதி புராணம். தீதி என்றால் அக்கா; எதிர்வீட்டுக்காரிக்கு இவள் தீதி, இவளுக்கு அவள் தீதி.

"தீதி சொன்னாட்டி, மீனுக்குக் கடுகு அரைச்சுப் போடணுமாம்."

மறுசோறு கேட்டாள். தைலப் புட்டி திறக்கப்படாமல் கிடந்தது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதை முழுங்க முடியவில்லை. பெற்ற மகள் ராப்பகலாகச் செய்தும் எழும்பாத உடம்பு, பாஷை தெரியாத ஒருத்தி "ஆவோ தீதி" என்று கூப்பிட்டதும் எழும்புமா?

அடுத்த வருஷம் குவார்ட்டர்ஸ்களுக்குள் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். தகர வீடுகளுக்குக் கிடையாது. "அப்பாடா, ஒழிஞ்சது குழாயடி" என்று வாய்விட்டே சொன்னேன். சின்னக் குடத்தைப் பரணில் போட்டேன். தண்ணீர் எடுக்கும் சாக்கில்லாமல் தெருவில் போய் நிற்க அம்மாவுக்குக் கூச்சம்.

கொஞ்ச நாளில் மறுபடி கட்டில், மறுபடி முட்டி வலி. நான் தைலம் தேய்த்தேன். முழுசாக எனக்கே கிடைத்துவிட்டாள். என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்தபடி "சரி" என்றாள். தட்டில் சோறு காய்ந்தது. இப்படியே என் கைக்குள்ளேயே போய்விடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு காலை, அவள் எழுமுன் அடுக்களைக் குழாயை இறுக்கி மூடிவிட்டு, பரணிலிருந்து குடத்தை இறக்கினேன்.

"குழாய்ல தண்ணி வரலம்மா."

அம்மா எட்டிப் பார்த்தாள். குழாய் வாயில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். தலையை முடிந்துகொண்டு குடத்தை எடுத்தாள்.

"புடிச்சுக்கவாம்மா?"

"எதுக்குட்டி?"

படியிறங்கிப் போன வேகத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மறுநாளும் குழாயை இறுக்கி மூடினேன்.