மடியில் இருந்த மூக்குக்கண்ணாடி

போன வாரம் தில்லை நகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. கறுப்புத் தகரக் கூடு, மூடினால் டப்பென்று சத்தம் வரும். உள்ளே இருப்பது என் கண்ணாடி இல்லை, என் வீட்டுக்காரருடையது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "கூட யாரு வந்திருக்காங்க பாட்டி?" என்று சீட்டு எழுதிய பெண் கேட்டபோது அந்தக் கூட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் வராது. எழுதினால் மட்டும் கொஞ்சம் வருகிறது, அதனால்தான் நோட்டைக் கண்ணோடு ஒட்டிவைத்து இதை எழுதுகிறேன்.

அவருக்கு வேலை ஒரு பட்டறையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் பாக்சிங் ரெஃப்ரி. காசுக்காகச் சண்டை போடுகிற பாக்சிங் இல்லை; பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, கயிறு கட்டி, காலேஜ் பையன்களும் கடைப் பையன்களும் கோப்பைக்காக ஆடுகிற பாக்சிங். வாலிபத்தில் அவரும் ஆடியவர்தான். பட்டறையில் அவரை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்று சொல்வார். ஆனால் ரிங்கில் ஏறி அவர் 'ஸ்டாப்' என்று ஒரு வார்த்தை சொன்னால், மாடு மாதிரி இருக்கிற இரண்டு பையன்கள் அப்படியே கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளைக் கான்வாஸ் ஷூ. சட்டையைத் துவைத்துக் கஞ்சி போடுவதும் ஷூவுக்கு வெள்ளை அடித்துக் காயவைப்பதும் என் வேலை. ரெஃப்ரி உடம்பில் பையன்களைக் குத்திக் கிழிக்கிற எதுவும் இருக்கக்கூடாதாம். வாட்ச் கிடையாது, மோதிரம் கிடையாது, பக்கிள் வைத்த பெல்ட் கிடையாது, மூக்குக்கண்ணாடியும் கிடையாது. ஏறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றித் தன் சிநேகிதரான டைம்கீப்பரிடம் கொடுத்துவிடுவார். மணி அடித்து நேரம் பார்க்கிறவர் அவர். பாலக்கரையில் தையல்கடை வைத்திருந்தார்.

அந்தத் தையல்கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் அடுப்படியில் இருந்தபடியே சிரிப்பேன். ஒருதரம் இரண்டு பையன்கள் கட்டிப் பிடித்துக்கொள்ள, பிரித்துவிடப் போன என் வீட்டுக்காரருக்குக் காதோரம் ஒரு குத்து விழுந்ததாம். அப்படியே மல்லாந்துவிட்டார். "எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலைம்மா. யாரு விழுந்தாலும் பத்து வரைக்கும் எண்ணிப் பழக்கம். அண்ணன் விழுந்ததும் நான் பாட்டுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சிட்டேன். எட்டுல எந்திரிச்சாரு. எந்திரிச்சு, குத்துன பையனோட கண்ணைப் பாத்து, 'தம்பி, உனக்கு ஒண்ணும் இல்லையே? ஆடுறியா?'ங்கறாரு!" என்று அவர் நடித்துக் காட்டுவார். இன்னொரு தரம் முடிவு சொல்லும்போது ஜெயித்தவன் கைக்குப் பதிலாகத் தோற்றவன் கையைத் தூக்கிவிட்டாராம். தோற்றவன் குதிக்கிறான், ஜெயித்தவன் அழுகிறான், அவனுடைய அப்பா ரிங்குக்குள் பாதி ஏறிவிட்டார். "ரெண்டு கையையும் சேத்துத் தூக்கியிருந்தா ரெண்டு வீட்லயும் சோறு கெடச்சிருக்கும்ணே" என்பார் தையல்கடைக்காரர். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "போய்யா" என்பார். அவ்வளவுதான் அவர் கோபம்.

கண்ணாடியின் கனம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே வந்தது. அதைக் கழற்றினால் என் முகமே அவருக்குக் கலங்கலாகத்தான் தெரியும். ரெஃப்ரிகளுக்கு வருஷம் ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. கண்ணாடி இல்லாமல் எழுத்தட்டையைப் படிக்க வேண்டும். அவர் எங்கிருந்தோ அந்த மாதிரி ஒரு பழைய அட்டையை வாங்கி வந்து அடுப்படிக் கதவில் மாட்டினார். மேலே பெரிதாக ஓர் எழுத்து, கீழே போகப் போகச் சிறிது. நான் ஈர்க்குச்சியால் தொட்டுக் காட்ட வேண்டும், அவர் கூடத்துச் சுவரோரம் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சொல்ல வேண்டும். முதல் வருஷம் ஐந்து வரி சொன்னார். அடுத்த வருஷம் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார். கண்ணைப் பொத்திய கையை எடுத்துவிட்டு, "நீ வாயால சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன்" என்றார்.

"என்னங்க இது, பரீட்சையில காப்பியடிக்கிற மாதிரி?" என்றேன்.

"காப்பியடிக்கிறவன் பக்கத்துப் பையனைப் பாக்கணும். இது மனப்பாடம். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதைத்தான் படிப்புங்கறாங்க."

இ. எஃப், பி. டி, ஓ, இஸட். எல், பி, இ, டி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த அட்டையில் இருப்பது மட்டும்தான். சாயங்காலம் அவர் வேலை விட்டு வந்ததும் நான் சோற்றை வடித்துக்கொண்டே ஒரு வரி சொல்லுவேன், அவர் காலைக் கழுவிக்கொண்டே அடுத்த வரி சொல்லுவார். உண்மையைச் சொன்னால், எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு பேசிச் சிரித்த நாட்கள் வேறு இல்லை. ஒரு தப்புக்கு நானும் கூட்டு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவர் பரிசோதனையில் தேறி வந்த அன்றைக்குப் பால்பாயசம் வைத்தேன்.

அடுத்த மாதமே ஒரு போட்டி. அன்று காலை நாங்கள் இருவரும் சமயபுரம் போய்விட்டு நேராக மைதானத்துக்குப் போனதால் நானும் கூட இருக்கும்படி ஆயிற்று. பள்ளிக்கூட மேடைப் படியில், மேலே ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். தையல்கடைக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் என் வீட்டுக்காரர் வாட்ச், மோதிரம், கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் என் மடியில் வைத்தார். "பத்திரம்மா" என்றார். கண்ணாடி இல்லாத அவர் முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. ரிங்கின் படியைக் காலால் தடவித் தடவித்தான் ஏறினார்.

கடைசி ஆட்டம். சிவப்புப் பனியன் போட்ட பையனுக்கு இருபது வயது இருக்கும். அவனுடைய அம்மா கீழே நாற்காலியில் இருந்தாள். கூட்டம் ஒரே கத்தல். எனக்கு அடிக்கிறதைப் பார்க்கப் பிடிக்காது. அதனால் நான் வெள்ளை அடித்த ஷூவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுக்காகாமல் இருக்கிறதா என்று. அப்போது சிவப்புப் பனியன் பையன் வாயிலிருந்து ஏதோ தெறித்து அந்த ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்தது. பல்லின் மேல் மாட்டிக்கொள்கிற ரப்பர். அது விழுந்தால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி, கழுவி, திரும்ப மாட்டச் சொல்ல வேண்டும். இதை அவரே எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். வெள்ளை ரப்பர், வெளுத்த துணித் தரை. அவர் குனிந்து பார்க்கவில்லை. நகரும்போது அவர் கால் பட்டு அது கயிற்றோரம் உருண்டது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பையன்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை. என் குரல் அவருக்குத் தெரியும், நிச்சயம் திரும்பியிருப்பார். சுற்றிலும் ஆம்பிளைகள். கண்ணாடிக் கூட்டை இறுக்கிப் பிடித்தேன். எழுந்திருக்கவில்லை. அப்புறம் எதிரே ஆடிய நீலப் பனியன் பையனின் குத்து விழுந்தது. முன்பல் இரண்டு போயிற்று. அந்தப் பையனைத் தாங்கிப் பிடித்த என் வீட்டுக்காரரின் கஞ்சி போட்ட சட்டை முழுக்க ரத்தம். படிகளில் ஒருவன், "ரெஃப்ரி, கண்ணை வீட்ல வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. கண் என் மடியில்தான் இருந்தது.

பாதியில் வந்து சேர்ந்து மணி அடித்துக்கொண்டிருந்த தையல்கடைக்காரர், "விடுங்கண்ணே, ரிங்குன்னா நடக்கறதுதான். அந்த வெளுப்புல யாருக்குத்தான் தெரியும்?" என்றார். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் வீட்டுக்காரருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். காவிரிப் பாலத்தில் ஏறியபோது வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அது கீழ கெடந்தது, உனக்கு அங்கேருந்து தெரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். யாருக்குமே தெரியாத ஒன்று தனக்கும் தெரியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ரிங்கில் ஏறியிருப்பார். வேறொரு பையன், வேறொரு அம்மா.

"தெரிஞ்சுதுங்க" என்றேன்.

"எப்ப?"

"விழுந்தப்பவே."

தலையை ஆட்டினார். பாலம் முடிகிறவரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்த மாதிரி எனக்கு ஞாபகம். அப்படியானால் நீ ஏன் கத்தவில்லை என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறம் இருந்த பதினெட்டு வருஷத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். மறுநாள் ஒரு பை பழத்தோடு அந்தப் பையன் வீட்டுக்குப் போனார். அவனுடைய அம்மா திட்டவில்லையாம், காபி கொடுத்தாளாம். அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. அந்த வாரமே இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கதவிலிருந்த எழுத்தட்டையைக் கழற்றிப் பரணில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தையல்கடைக்காரர் வருவதும் நின்றது. என்னிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வாட்சையோ மோதிரத்தையோ கழற்றினால் அலமாரியில்தான் வைப்பார். என் கையில் கொடுக்கமாட்டார். வேண்டுமென்று செய்தாரா, பழக்கமாகிவிட்டதா, தெரியாது. நான் சோறு வடிக்கும்போது என்னையறியாமல் 'இ' என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். கூடத்திலிருந்து பதில் வராது.

ஆஸ்பத்திரியில் என்னை ஓர் இருட்டறைக்குள் கூட்டிப் போய் உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் விளக்கு போட்ட அட்டை. எனக்கு அங்கே தெரிந்தது ஒரு வெளிச்சமும் அதற்குள் கொஞ்சம் புகையும்தான். ரிங்கின் தரை அன்றைக்கு அவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆபரேஷன் என்றால் துணைக்கு ஆள் வேண்டும் என்று வெளியே சொல்லியிருந்தார்கள். யாரைக் கூப்பிடுவது? கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.

"இங்கிலீஷ் எழுத்து தெரியுமா பாட்டி? தெரிஞ்ச வரைக்கும் படிங்க" என்றாள் கண் பார்க்கிற பெண்.

"இ" என்றேன். "எஃப், பி. டி, ஓ, இஸட். எல், பி, இ, டி." வாய் தானாகப் போய்க்கொண்டே இருந்தது.

"பாட்டி! எங்களை விட நல்லாப் படிக்கிறீங்களே" என்று அவள் எழுதக் குனிந்தாள்.

திறந்திருந்த கதவுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மடியிலிருந்த கூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நிறுத்தும்மா" என்றேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. வெளியே பேச்சு நின்றுவிட்டது. "எனக்கு ஒண்ணுமே தெரியலை. அது மனப்பாடம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "உக்காருங்க பாட்டி, உக்காருங்க" என்று என் தோளைப் பிடித்தாள். உட்கார்ந்தேன். அட்டையில் இருந்தவை என்ன எழுத்துகளோ, நான் சொன்னவைதானோ இல்லையோ. கூட்டைத் திறந்து அவர் கண்ணாடி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினேன். அந்த இருட்டறையில் டப் என்ற சத்தம் பெரிதாகக் கேட்டது.