ரிசர்வ் சைட்டுக்கு ஆகாத மரங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சூலூர் சாலையை ஒட்டிய ஒரு லே-அவுட்டில் வீடு கட்டிக் குடிபோனோம். அதற்கு முன் அது சோளக்காடு. பூங்காவுக்கென்று விட்டிருந்த ரிசர்வ் சைட் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்தது. அங்கே மட்டும் வேலிப் புதர் மிச்சமிருந்தது. விடிந்தால் கவுதாரி கூப்பிடும். ஒரு நாள் புல்டோசர் வந்து அதையும் வழித்துப் போட்டது.

கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுப்பவள் நான், சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்துக் காடுகளில் விதை பொறுக்கி வேம்பு, வன்னி, தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு இலை உருவும் ஊஞ்ச மரம் எல்லாம் மொட்டைமாடியில் பைகளில் வளர்த்தேன். இந்த மண்ணுக்குப் பழகிய மரங்கள், தண்ணீர் லாரியை எதிர்பார்க்காது. போன பறவைகள் திரும்பி வரும் என்று மனக்கோட்டை வேறு.

நலச்சங்கத் தலைவர் மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிக்கு வந்து கன்றுகளைப் பார்த்தார். மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. வேம்பு வெச்சா அடுத்த ஆடிக்கே மஞ்சத்துணி கட்டிப்போடுவாங்க. அப்பறம் ஒரு கல்லு வரும், உண்டியல் வரும். சைட்டு போயிருமுங்க.”

“வன்னி வெக்கலாமுங்களா?”

“அதுக்கடியில பிள்ளையாரே வந்துருவாருங்க.”

“ஊஞ்ச மரத்தை யாரும் கும்பிடறதில்லைங்களே?”

“காட்டுல நிக்கற மரத்தை இங்க வந்தும் பாக்கோணுமுங்களா?”

கூட்டத்தில் மே பிளவரும் புல்தரையும் என்று முடிவானது. கை தூக்காதவள் நான் ஒருத்திதான். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சில வருடங்களில் புல் கருகிப்போனது. மே பிளவர் மட்டும் செக்கச்செவேலென்று பூத்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அதனடியில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். வன்னிக்குக் காத்திருக்க அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது. கோயில் கட்ட வசூலுக்கு முதல் ஆளாகக் கிளம்பியவர் தலைவர்தான். கோபுரத்துக்கு இடைஞ்சல் என்று மரத்தையும் வெட்டினார்கள்.

கும்பாபிஷேகத்துக்கு முன் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

“ஏனுங்க அம்மணி, தலவிருட்சத்துக்கு ஒரு வன்னி வேணுமுங்க. உங்க மாடியில இருந்துச்சுங்களே?”

“கோயில் வந்துருமுன்னு வேண்டாமுன்னீங்களே?”

“அதுதான் வந்துருச்சுங்களே.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கன்றுகள் எல்லாம் பையிலேயே வேர் சுருண்டு செத்துப்போய் வெகுகாலம் ஆயிற்று என்றேன்.

“அடடா, எங்கியாவது நட்டுப்போட்டிருக்கலாமுங்களே,” என்று என்மேல் வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.