வெண்டல் ஊதிய விசில்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஒரே ஒரு ஓட்டை இழுவை வண்டியோடு தொழிலில் இறங்கினேன். இன்றைக்கு இந்த ஏரிக்கரையில் எந்தக் கார் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தாலும், அதைத் தூக்கி வருவது பெர்னி வோய்டாலா என்று என் பெயர் போட்ட மஞ்சள் வண்டிதான். மேயரின் காரையே இரண்டு முறை இழுத்திருக்கிறேன். என் தொழிலில் மனிதர்களை எடை போடப் புத்தகம் தேவையில்லை. கவிழ்ந்த காருக்குப் பக்கத்தில் நிற்கிறவன் என்ன சொல்கிறான் என்று காது கொடுத்தால் போதும். "மான் குறுக்க வந்துச்சு" என்பான். "ரோட்டுல உப்பே போடல" என்பான். "நான்தான் வேகமா வந்துட்டேன்" என்று சொன்னவர்கள் என் ஆயுசில் மிகக் கொஞ்சம். அதில் ஒருவன் வெண்டல் க்ரூகர்.

வெண்டல் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். அவன் கற்றுக்கொடுப்பான், அந்தப் பிள்ளைகள் போய் இடித்தால் நான் இழுத்து வருவேன். எங்கள் சிநேகம் அப்படி வளர்ந்தது. வார நாட்களில் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் கால்பந்தில், நாடே பார்க்கும் பெரிய லீக்கில், அவன் கோட்டு நடுவர். லீக் நடுவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். ஒருவர் வக்கீல், இன்னொருவர் பன்றிப் பண்ணைக்காரர்.

அந்தச் சட்டைதான் வெண்டலுக்கு உயிர். சேற்று மைதானங்களிலும் பள்ளி ஆட்டங்களிலும் கல்லூரி ஆட்டங்களிலும் தலை நரைக்கும்வரை ஓடி வாங்கிய சட்டை அது. லீக்கில் ஒவ்வொரு வாரமும் வீடியோவைப் போட்டுப் பார்த்து, நடுவர் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் மதிப்பெண் போடுவார்கள். வசந்த காலத்தில் ஒரு ஃபோன் வரும். அடுத்த வருஷம் உண்டு, அல்லது இல்லை. அதோடு ஒரு கண்டிப்பான சட்டம்: தலைமை நடுவரைத் தவிர வேறு எவரும் ஆட்டத்தைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது.

சொந்த ஊர் அணி ஆடும் ஆட்டத்தை ஒரு நடுவருக்குத் தருவதில்லை. அந்த ஜனவரியில் காய்ச்சல் பரவி ஆள் பற்றாமல் போனதால், எங்கள் அணியின் கடைசி ஆட்டத்துக்கு வெண்டலை அனுப்பினார்கள். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு.

வெண்டல் எப்போதும் விசிலை விரலில்தான் மாட்டுவான். அது அனுபவஸ்தர்களின் வழக்கம். கை வாய்க்குப் போகிற நேரத்தில் கண் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளும். அன்று அடித்த குளிரில் விரல் விசிலுக்குள் எச்சில் உறைந்து போனது. கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசிலை எடுத்துப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டான், உறையாமல் இருக்க.

கடைசி நிமிடங்கள். பந்தோடு ஓடி வந்த எதிரணிக்காரன் ஒருவன் ஆட்குவியலில் விழுந்தான். விசில் கேட்டது. அதே கணம் குவியலுக்குள்ளிருந்து பந்து வழுக்கி வெளியே வந்தது. எங்கள் பையன் அதை அள்ளிக்கொண்டு மைதானத்தின் மறுகோடிவரை ஓடினான். அரங்கமே எழுந்து ஆடியது. ஆனால் விசில் ஊதிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் ஓடாத கணக்கு. வீடியோ பார்த்துப் பந்தை எங்களுக்குத் தந்தார்கள், ஓடி எடுத்த புள்ளிகளைத் தரவில்லை. பிறகு எங்கள் ஆள் புள்ளிக்காகப் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கப் பார்த்தான், காற்று பந்தைத் தள்ளிவிட்டது. தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் தலைமை நடுவர் கேட்டாராம்: "விசில் யாருது?" நடுவர்களுக்குள் அது ஒரு முறை. ஊதியவன் கையைத் தூக்க வேண்டும். வெண்டல் தூக்கினான். அவர் குறித்துக்கொண்டார். லீக்குக்குத் தெரிந்துபோனது.

ஊருக்கு மட்டும் தெரியவில்லை. படத்தில் விசில் சத்தம் கேட்கும், ஊதிய வாய் தெரியாது. டிவிக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, குவியலுக்கு அந்தப் பக்கம் நின்ற டெவின் ரூசோ என்ற இளம் நடுவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாவம், அவன் மூக்கைத் துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டு போயிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை. முன்னாள் படைவீரர் மன்றத்தில் வழக்கம்போல வறுத்த மீன், முட்டைக்கோஸ் பச்சடி, ரை ரொட்டி. குழாய் ரிப்பேர் செய்யும் கஸ் பாலுச் எனக்கு எதிரே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொடியன் ரூசோவ இந்த எண்ணெயிலயே போட்டுப் பொரிக்கணும்!"

பரிமாறிக்கொண்டிருந்த டார்சி நின்றாள். "உனக்கு மீனையே ஒழுங்கா மெல்லத் தெரியல. நீ ஆளைப் பொரிக்கப் போறியாக்கும்."

அப்போதுதான் வெண்டலும் அவன் மனைவி ஜோலீனும் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார்கள்.

"வாய்யா வாத்தியாரே!" என்றான் கஸ். "நீயும் அங்கதானே நின்ன? அந்தக் குருட்டுப் பயலுக்கு எவன்யா விசில் வாங்கிக் குடுத்தது?"

"விடுடா கஸ்," என்றேன். "அவன் பேசக் கூடாது. பேசினா வேலை போயிடும்."

"பேச வேணாம். தலைய ஆட்டினா போதும். ரூசோதானே?"

வெண்டல் டார்சி கொண்டுவந்து வைத்த பச்சடியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அவன் வீட்டு ஜன்னல ஒடச்சிட்டாங்களாம்," என்றான் கஸ். "பொண்டாட்டி புள்ளைங்களத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு ஓடிட்டாளாம். நல்லா வேணும்!"

வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கையைத் தூக்கினான்.

டார்சி அடுத்த மேசையிலிருந்தே கேட்டாள்: "என்ன வெண்டல், சாஸ் வேணுமா?"

"வெண்டல், வேணாம்பா," என்றாள் ஜோலீன் மெதுவாக.

"விசில் என்னுது," என்றான் அவன்.

கஸ்ஸின் வாயில் மீன் அப்படியே நின்றது. "என்னய்யா சொல்ற?"

"நான்தான் ஊதினேன். குளிருக்காக வாயில வச்சிருந்தேன். விழுந்தவன் கையில பந்து இருக்குன்னு நினைச்சேன். இல்ல. டெவின் ஒண்ணும் பண்ணல."

"நம்ம ஊர்க்காரனா இருந்துக்கிட்டு..."

"எந்த ஊர்க்காரனா இருந்தாலும் அது தப்புதான், கஸ்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏன்டா, அந்த உதைச்சவன் மட்டும் கோணலா உதைக்கலயா?"

"அது அவன் பாடு, பெர்னி. இது என் பாடு."

கஸ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் பின்னால் ஒரு மேசையே எழுந்து போனது. எவனோ ஃபோனில் படம் பிடித்திருந்தான். மறுநாளே மாநிலம் முழுக்கப் பார்த்தது. டெவின் வீட்டுப் பக்கம் கல் விழுவது நின்றது. வெண்டல் வீட்டு முற்றத்துப் பனியில் பிளாஸ்டிக் விசில்கள் வந்து விழுந்தன, சிவப்பும் பச்சையுமாக. பல பெற்றோர்கள் பிள்ளைகளைக் கார் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பேத்தி ஹேசலை என் மஞ்சள் வண்டியிலேயே ஏற்றி, பெரிய தெரு முழுக்க ஹார்ன் அடித்துக்கொண்டு போய், அவன் வகுப்பு வாசலில் இறக்கிவிட்டேன். இந்த ஊரில் பெர்னி செய்வதை நாலு பேர் பார்த்து அப்படியே செய்வார்கள். செய்தார்கள். ஈஸ்டருக்குள் வகுப்பு நிறைந்துவிட்டது.

ஆனால் லீக்கிலிருந்து ஃபோன் இன்னும் வர வேண்டியிருந்தது. பனி உருகிய ஒரு மதியம், ஹேசல் இடித்து நசுக்கிய பயிற்சிக் காரைப் பார்க்க வெண்டல் என் பட்டறைக்கு வந்திருந்தான். அப்போது வந்தது. "சரிங்க... புரியுதுங்க..." என்றான். நடுவில் ஏதோ ஒன்று கேட்டான். பிறகு "நன்றி" என்று வைத்துவிட்டான்.

"என்னடா?"

"இல்லையாம்."

"ஒரு விசிலுக்கா?"

"விசிலுக்கு மார்க் கழிச்சதோட விட்டுட்டாங்களாம். இது வாயத் திறந்ததுக்கு."

நான் போட்ட கூச்சலில் என் நாய் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "ஊதினா பரவாயில்ல, ஊதினேன்னு சொன்னாத்தான் குத்தமா? எவன்டா அவன்? நம்பரைக் குடு!"

"விடு பெர்னி. டெவினப் பத்திக் கேட்டேன். அவனுக்கு அடுத்த வருஷம் உண்டாம்."

அப்புறம் நசுங்கிய காரில் ஏறி உட்கார்ந்தான். பெல்ட்டைக்கூட மாட்டிக்கொண்டான். கார் எங்கும் போகவில்லை, எஞ்சினும் ஓடவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தான். நான் பக்கத்தில் போகவில்லை.

இலையுதிர் காலம் வந்தது. சனிக்கிழமைகளில் ஊர்ச் சிறுவர்களின் ஆட்டம். நடுவராக யாரும் வர மாட்டார்கள், பெற்றோரிடம் திட்டு வாங்க எவனுக்கு ஆசை? பழைய கோடு போட்ட சட்டையும் விரல் விசிலுமாக வெண்டல் வந்து நின்றான். முதல் சனிக்கிழமையே கஸ் தன் பேரனின் ஆட்டத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எதிரணிப் பையன் ஓரமாக ஓடிப் புள்ளி எடுத்ததும் கஸ் துள்ளி எழுந்தான்.

"யோவ் வாத்தியாரே! கோட்ட மிதிச்சுட்டான்யா! கண்ணு எங்க இருக்கு, பட்டறையிலயா?"

அடுத்த இடைவேளையில் வெண்டல் நேராக எங்களிடம் நடந்து வந்தான். கஸ் சண்டைக்குத் தயாராகத் தோளை நிமிர்த்தினான்.

"நீ சொன்னது சரியா இருக்கலாம், கஸ்," என்றான் வெண்டல். "நான் அவன் கையப் பாத்துக்கிட்டிருந்தேன். காலைப் பாக்கல. இனி மாத்த முடியாது. தப்பு என்னுது."

சொல்லிவிட்டுத் திரும்ப ஓடிப் போய்த் தன் இடத்தில் நின்றான்.

கஸ் மெதுவாக உட்கார்ந்தான். என் காப்பியை எடுத்துக் குடித்தான். முணுமுணுத்தான்:

"இப்பிடி ஒத்துக்கிட்டா அப்புறம் மனுஷன் எப்படிய்யா திட்டுறது?"