ஹிதாயத்துல்லாவின் காதும் கன்னியம்மாளின் வேனும்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் ஹிதாயத்துல்லாவின் ஒர்க் ஷாப்பில் கார் விடுகிறவர்கள் திட்டு வாங்கத் தயாராகத்தான் வருவார்கள். "இது கிளட்சா, கால் மிதியடியா? வூட்டுக்குள்ள போற மாதிரி தேய்ச்சி வச்சிருக்க" என்பார். ஒருமுறை கொஞ்சம் கனத்த உடம்புள்ள தலைமையாசிரியர் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே, "சார எறக்கி வுடுங்கப்பா, ஸ்பிரிங்கு கொஞ்சம் மூச்சு வுடட்டும்" என்றார். கோபித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த ரிப்பேருக்கு அங்கேயே வந்து நின்றார்கள். வாய் மோசம், கை சுத்தம்.

முல்லா வீதியில் துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். அத்தா அவரைக் கடையில் உட்கார வைத்த புதிதில், புடவை எடுக்க வந்த பெண்ணிடம், "இது ரெண்டு தண்ணிக்குத் தாங்காது, சாயம் போயிடும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அத்தா மறுநாளே அவரை ஒரு லாரிப் பட்டறையில் கொண்டுபோய்விட்டார். "இங்க அடிக்கிற சம்மட்டிச் சத்தத்துல ஒன் வாய் யாருக்கும் கேக்காது. நல்லா இரு" என்று வாழ்த்திவிட்டும் போனார். சம்மட்டிச் சத்தத்திலேயே முப்பது வருஷம் ஓடியது.

ஹிதாயத்துல்லாவின் பெருமை அவருடைய காது. வண்டி வாசலில் திரும்பும்போதே, குடித்துக்கொண்டிருக்கும் டீயைக் கீழே வைக்காமல், "பின்னாடி வலது பக்கம் ஷாக் அப்சார்பர் போச்சி" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுதான் போயிருக்கும். "டாக்டர் வயித்தத் தொட்டுப் பாக்கணும். எனக்கு நீ தெருமொனையில வந்தாலே போதும்" என்று சொல்லிக்கொள்வார்.

சில வருஷங்களாக அந்தக் காது மெல்ல அடைத்துக்கொண்டே வந்தது. அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப வர்ற வண்டிங்க சத்தமே போடறதில்ல" என்று தொழில்நுட்பத்தைப் பாராட்டினார். ஊரே முன்பைவிட அமைதியாகிவிட்டது என்றும் நினைத்துக்கொண்டார். அவரோடு வெகுகாலமாக வேலை செய்யும் பக்கிரி விஷயம் தெரிந்தவர். பெயரை வைத்து அவரையும் பாய் என்று நினைப்பார்கள். ஆனால் அவர் வருஷம் தவறாமல் தீ மிதிக்கிற ஆள். ட்ரையல் பார்த்துவிட்டு இறங்கியதும் பக்கிரி முந்திக்கொண்டு, "என்னா பாய், எடது பக்கம் புஷ்ஷுதான?" என்று கத்துவார். "பின்ன?" என்பார் முதலாளி. இப்படியே தொழில் ஓடியது.

கனகசெட்டிக்குளத்திலிருந்து கன்னியம்மாள் வந்தது அப்போதுதான். மீன் வியாபாரம் செய்பவள். ஐஸ் பெட்டிகள் ஏற்றிய பழைய வேனைத் தானே ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுபவள்.

"பின்னாடி டொக்கு டொக்குன்னு அடிக்குது. ஸ்டியரிங்க திருப்புனா ஊளையிடுது, கையும் கனக்குது" என்றாள்.

ஹிதாயத்துல்லா வேனை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "ஒரு சத்தமும் இல்ல. பூ மாதிரி போவுது."

"யோவ் பாய், நீ என்னா செவிடா?"

கிரைண்டர் நின்றது. பக்கிரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஹிதாயத்துல்லா நிதானமாக பக்கிரி பக்கம் திரும்பி, "அக்கா என்னா சொல்லுது?" என்று கேட்டார்.

பக்கிரி கொஞ்சம் யோசித்தார். "ஷாக் ரெண்டையும் மாத்திடச் சொல்லுது பாய்."

மாற்றினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் வேன் திரும்ப வந்து நின்றது. டொக்கு டொக்கு அப்படியே இருந்தது, ஊளை இன்னும் கூடியிருந்தது. கன்னியம்மாள் நேரே ஹிதாயத்துல்லாவின் முகத்துக்கு எதிரில் வந்து, ஏலம் கூறுகிற குரலில், முன்பு கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். இந்த முறை அவருக்குக் கேட்டது. பக்கத்து பிளாஸ்டிக் கம்பெனியில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

அவர் திருப்பித் திட்டவில்லை. அதுவே அங்கிருந்தவர்களுக்கு அதிர்ச்சி. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி ஜரினா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏன் ஜரினா, நான் செவிடா?"

"ஆமா."

"என்னா?"

"ஆமாங்குறேன்!"

"எத்தினி நாளா?"

"அது ஆச்சி மூணு வருஷம். நான் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். ஒங்களுக்குத்தான் கேக்கல."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். "கண்ணு போயிருந்தாகூட கையால தடவித் தடவி வேல பாத்துடுவேன். காது இல்லன்னா நான் என்னாத்துக்கு?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஜரினா அந்தக் குரலைக் கேட்டதில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ரெண்டு காது சும்மாதான கெடக்கு? நாளைக்கி நான் வர்றேன், வண்டியில."

மறுநாள் காலை ஹிதாயத்துல்லா ஓட்ட, பக்கத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜரினா, பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவே கன்னியம்மாள் என்று வேன் நோணாங்குப்பம் பக்கம் கிளம்பியது. வழியில் வேகத்தடைகளுக்குக் குறைவில்லை.

"திரும்புறப்ப முன்னாடி ஊளை. பூன வால மிதிச்ச மாதிரி" என்று ஜரினா அவர் காதருகே கத்தினாள். "பின்னாடி டொக்குன்னுது. மேட்டுல ஏறுறப்ப இல்ல, எறங்கி வுழுறப்ப."

"ஒரு டொக்கா, ரெண்டா?"

"ரெண்டு. மொதல்ல சன்னமா ஒண்ணு, பின்னாலியே பெருசா ஒண்ணு."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

"இதத்தான்யா நான் ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினேன்!" என்றாள் கன்னியம்மாள் பின்னாலிருந்து.

ஹிதாயத்துல்லாவின் முகத்தில் பழைய களை வந்தது. ஒர்க் ஷாப்புக்குத் திரும்பியதும் இடது பின்சக்கரத்துப் பக்கம் வண்டிக்கு அடியில் படுத்தார். ஸ்பிரிங் பட்டையின் பின்முனையை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் கொக்கியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். அது ஆடிய பல் மாதிரி ஆடியது. உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் புஷ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் அங்கேதான் சொட்டியிருந்தது.

"மீனுக்கு ஐஸ் போடுற, சரி. ஸ்பிரிங்க ஏம்மா கருவாடு போட்ட?" என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தார். திட்டு திரும்பி வந்ததில் பக்கிரிக்கு நிம்மதி.

புஷ்ஷையும் துருப்பிடித்த பின்னையும் மாற்றிவிட்டு முன்பக்கம் வந்தார். பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்தால், மேலே டீக்கடை நுரை. ஆயிலுக்குள் எங்கிருந்தோ காற்று புகுகிறது. எங்கே என்று பார்க்க எஞ்சினை ஓடவிட்டார். ஒரு கையில் லைட், இன்னொரு கையில் பம்புக்கு ஆயில் கொண்டுவரும் ஹோஸ். நீள ஸ்க்ரூ டிரைவரை வைக்க இடமில்லாமல் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார். முனை பம்பின் மேல் பட்டது.

மண்டைக்குள் ஊளை பாய்ந்தது. பூனை வாலை மிதித்த அதே ஊளை, இரண்டு காதுக்கும் நடுவில். துள்ளி நிமிர்ந்ததில் தலை பானட்டில் மோதியது. "கேக்குது! டேய் பக்கிரி, கேக்குதுடா!" ஸ்க்ரூ டிரைவர் எங்கே விழுந்தது என்றுகூட அவர் பார்க்கவில்லை.

பிறகு அதைத் தேடி எடுத்து, துடைத்து, திரும்பக் கடித்தார். ஹோஸை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். கிளாம்பு ஓரத்தில் அழுத்தியபோது ஊளை நின்றது, விட்டால் வந்தது. கிளாம்புக்கு அடியில் மயிரிழை அளவு வெடிப்பு. ஆயில் வெளியே வரவில்லை, காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. புது ஹோஸ் போட்டு, ஆயில் ஊற்றி, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினார்கள். ஜரினாவை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பச் சொன்னார். டப்பாவில் குமிழிகள் வந்து வந்து அடங்கின. கன்னியம்மாள் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "வாயில கம்பிய வச்சிக்கினே வேல பாரு பாய். வண்டிக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜரினா விடவில்லை. "பல்லு வழியா கேக்குதுன்னா காது செத்துப் போவல. ஓட்டையிலதான் எதோ அடைப்பு" என்று டவுனில் இருந்த ஒரு காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த வயதான அம்மா அவர். வலது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்ததும், "பூஷோன்!" என்றார்.

"அப்பிடின்னா என்னா வியாதிம்மா?" ஜரினா பயந்துவிட்டாள்.

"வியாதி இல்ல. தக்கை. பாட்டிலுக்குப் போடுவாங்களே, அது."

மருந்து விட்டு ஊறவைத்து வெளியே எடுத்தது நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு இருந்தது. கறுப்பு. பாதி அழுக்கு, பாதி கிரீஸ். காதை எதனால் குடைவீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "கைக்கு எது வருதோ அதாலதான்" என்றார் ஹிதாயத்துல்லா. இடது காது கதை வேறு. அது நரம்பிலேயே போய்விட்டது, சம்மட்டி செய்த வேலை, திரும்பாது. மெஷின் வைத்துப் பார்க்கலாமா என்றார் டாக்டர்.

"வேணாம்மா. வண்டியிலயே ஸ்டியரிங்கு ஒரு பக்கந்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார். ஆட்டோ ஹாரன், காக்கை, யாரோ போனில் போடும் சண்டை. "ஊரு இவ்ளோ எரைச்சலா ஜரினா?" என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் பார்க்காத மாதிரி நடந்தாள்.

ஒற்றைக் காதில் ஒரு தொல்லை இருந்தது. சத்தம் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. அதனால் ட்ரையலுக்கு ஜரினா தொடர்ந்து வர வேண்டியதாயிற்று. ஒர்க் ஷாப்பில் அவளுக்கு ஒரு நாற்காலியும் மின்விசிறியும் வந்தன. வாடிக்கையாளர்கள் இப்போது இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினார்கள்.

போன மாதம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர், ஊர் வழக்கில் சொல்தா, தன் காரைக் கொண்டுவந்தார். பின்னால் ஏதோ உருள்கிற சத்தம். இடது பக்கம் ஷாக் என்றார் ஹிதாயத்துல்லா. வலது பக்கம் புஷ் என்றாள் ஜரினா. தொழிற்பேட்டையைச் சுற்றி வரும்வரை சண்டை. திரும்பி வந்து, சொல்தா வாய் திறப்பதற்குள் இரண்டு பின்சக்கரங்களையும் கழற்றிவிட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் பக்கிரி டிக்கியைத் திறந்தார். ஜாக்கி தன் இடத்திலிருந்து கழன்று, காலி ஒயின் பாட்டில்களுக்கு நடுவே சுகமாகப் படுத்துக் கிடந்தது.

"இது எந்தப் பக்கம் பாய்?" என்று பக்கிரி கேட்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள்.