சப்பாத்து லேஸால் கட்டிய இலைக்கொத்து

பறவைப் படம் பிடிக்கிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கூட்டை மறைக்கும் இலையைக் கண்டால் கை சும்மா இராது. என் கையும் அப்படித்தான், நாசமாய்ப் போன கை.

கச்சான் காற்று அனலாய் வீசும் ஆனி மாதம். கிரானுக்கு அப்பால் மலையடியில் வயல் செய்யும் என் தங்கையின் கணவர், எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னார்: "மச்சான், நம்மட வயல் வட்டைக்குப் போற வழியில, பாறையோரம் ஒரு குருவி கூடு கட்டிரிக்கு. வால் ஒரு முழம். பயந்திரும் எண்டு நான் அந்தப் பக்கம் போறதில்ல, சுத்தித்தான் போறன்."

அரசவால் ஈப்பிடிப்பான்! பத்து வருஷமாக எனக்கு வாலை மட்டும் காட்டிவிட்டு ஓடிய பறவை. மறுநாள் விடியவே தன்னாமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டேன்.

கூட்டில் மூன்று குஞ்சுகள். அவற்றின் மேல் ஓர் இலைக்கொத்து கவிந்து என் படத்தைக் கெடுத்தது. வெட்ட மனம் வரவில்லை. அந்த மட்டில் பெரிய நல்லவன் நான். இடது சப்பாத்தின் லேஸை உருவி, கொத்தை இழுத்துப் பக்கத்துக் கிளையோடு கட்டினேன். கூட்டுக்குள் வெயில் பளீரென்று விழுந்தது. வெகுநேரம் கழித்து வால்காரத் தகப்பன் ஒரு தும்பியோடு வந்தான். மூன்று வாய்களும் திறந்தன. படம் கிடைத்துவிட்டது.

மச்சான் கீழே வரம்பில் நின்று துவாயை ஆட்டிச் சாப்பிடக் கூப்பிட்டார். கத்தினால் குருவி மிரளுமாம். சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் இறங்கி ஓடினேன். வெக்கைக்குச் சப்பாத்துத் தாங்காது என்று, சாப்பிட்டபின் அதைப் பையில் போட்டுவிட்டு அவருடைய செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

பின்னேரம் படத்தை முகநூலில் போட்டேன். "என்ன வெளிச்சம்!" என்று ஆளாளுக்குப் புகழ, நானும் குளிர்ந்துபோய் இருந்தேன். மனைவி பையைக் கொட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இஞ்ச, ஒரு சப்பாத்தில லேஸ் இல்லயே. எங்க விட்டீங்க?"

கொத்தை அவிழ்த்துவிடாமலே வந்துவிட்டேன். மச்சானுக்கு அழைத்து அழைத்துப் பார்த்தேன். மலையடியில் சிக்னல் கிடையாது. இருட்டில் அந்த வழியே போகவும் முடியாது.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது லேஸ் கட்டியபடியே இருந்தது. குஞ்சுகள் மூன்றும் வாய் பிளந்தபடி கருவாடாய்க் காய்ந்து கிடந்தன. தகப்பனையும் காணவில்லை, தாயையும் காணவில்லை. பாவி நான், பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என்னைக் கண்டு மச்சான் மேலே ஏறி வந்தார். கூட்டைப் பார்த்தார், லேஸைப் பார்த்தார்.

"நேற்று நீங்க இந்தப் பக்கம் வரல்லையா?" என்றேன், என்னவோ பிழை அவருடையது என்பதுபோல.

"வரல்ல மச்சான். நீங்க வந்து போனதுல மிரண்டிரிக்கும், பாவம், ஆறட்டும் எண்டு இன்னும் தூரத்தால சுத்திப் போனன்."

முடிச்சை மெல்ல அவிழ்த்து, லேஸைச் சுருட்டி என் கையில் வைத்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

"படம் நல்லா வந்திச்சா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.