டிராயிங் சார் ஒட்டிய கோயில்

காலை ஒன்பது நாற்பது. முதலில் கண்ணில் பட்டது பழுத்துப்போன ஒரு பத்திரிகைத் துண்டு. ஒற்றைப் பத்தி, பன்னிரண்டு வரி. மூன்றாவது வரிக்கு வருவதற்குள் அது நான் எழுதிய செய்தி என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் அது ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

அக்காள் பேத்தியின் கல்யாணத்துக்காகக் காரைக்குடி வந்திருந்தேன். தங்கியது, செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்த இடத்தில். இட்லி முடிந்து காபி வரத் தாமதமானதால் கூடத்துச் சுவர்களைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தேன். நாலடி அகலப் பலகையில் ஒரு மாதா கோயிலும் அதைச் சுற்றி ஒரு தெருவும். கீழே சின்ன அட்டை: 'மிக்சட் மீடியா. ஓவியர் பெயர் தெரியவில்லை.' எனக்குத் தெரியும் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். "அப்படியா சார்" என்று புன்னகைத்தாள். எழுதிக்கொள்ளவில்லை.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த படத்துக்கு வாசனை இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எனக்கு மரவஜ்ஜிரம் காய்கிற வாடை அடித்தது. தச்சர்கள் பலகை ஒட்டுகிற பசை அது. தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்தது, கட்டியாக விற்பார்கள், ஊறவைத்து அடுப்பில் உருக்க வேண்டும். ஒருமுறை உருக்கினால் இரண்டு நாளைக்கு வீட்டை விட்டுப் போகாது. எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு நான் காரைக்குடியில் பகுதிநேர நிருபராக இருந்தேன். என் அறைக்கு அடுத்த வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் அந்த வாடை வரும்.

அங்கே குடியிருந்தவர் பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர். தெருவுக்கே அவர் டிராயிங் சார். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் பலகையை வாசலுக்குத் தூக்கிவந்து, தெருக்கோடியில் இருந்த மாதா கோயிலைப் பார்த்து வரைவார். கோயிலை வரைந்து முடித்து ரொம்ப நாளாகியிருந்தது. முடியாதது தெருதான். அப்போது மாதம் ஒரு வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இடிப்பது என்ற வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள், பிரிப்பதுதான். பங்காளிகள் மெட்ராஸிலும் மலேயாவிலும் இருப்பார்கள். நிலை, கதவு, உத்தரம், கண்ணாடி என்று வீடு துண்டு துண்டாக லாரி ஏறும். டிராயிங் சார் போய் ஓட்டுச்சில்லு, தரைக்கல் துண்டு, காரை என்று எதையாவது பொறுக்கிவருவார். படத்தில் அந்த வீடு இருந்த இடத்தில் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு அதை ஒட்டுவார்.

"நிக்கிற வரைக்கும் வர்ணம் தம்பி. விழுந்துட்டா வஜ்ஜிரம்" என்றார் ஒருநாள்.

"ஊர்க் குப்பையெல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வருது" என்றார் அவர் மனைவி லூர்து அக்கா உள்ளேயிருந்து. "இந்த வாடையில சோறு எறங்குதா? பேப்பர்த் தம்பி, இதப் போடுங்க உங்க பேப்பருல."

நான் போட்டது வேறு. அந்தக் கோயிலைக் கட்டியவர்கள், செட்டியார் வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள். அதனால் அதற்கு உள்ளே, நடுவில் முற்றம் வைத்த ஒரு வளவு வீட்டின் சாயல் இருந்தது. பர்மா தேக்குத் தூண்கள், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுவர். முகம் தெரியும் என்பார்கள். நான் பார்த்திருக்கிறேன், மங்கலாகத் தெரியும். கூரை ஒழுகிய ஒரு மழைக்குப் பிறகு, பழையதை எடுத்துவிட்டு கான்கிரீட்டில் பெரிய கோயில் கட்டலாம் என்று பங்குப் பாதிரியாரிடமும் பங்கு மக்களிடமும் பேச்சு வந்தது. கையில் பணம் இல்லாததால் பேச்சாகவே இருந்தது. டிராயிங் சாருக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் நடந்த கோயில். படத்தில் அவர் ஒட்டவே கூடாது என்று நினைத்தது அது ஒன்றுதான்.

"நீங்க எழுதுங்க தம்பி. நான் பங்குச்சாமிகிட்டச் சொன்னா, வயசானவன் பொலம்புறான்னு நெனப்பாக. அச்சுல வந்தா நிப்பாட்டிப்புடுவாக."

"ஏன், கவர்னருக்கும் ஒரு தந்தி அடிக்கச் சொல்லுங்க" என்றார் லூர்து அக்கா. "நம்ம வீட்டு ஓடு ஒழுகுது. அத ஏறிப் பாக்க நாதியில்ல. கோயிலு ஓட்டுக்குப் பேச வந்துட்டாக."

எனக்கு இருபத்து நாலு வயது, எழுத்து நடையின் மேல் ஆசை. கோயிலின் அருமையை முதலில் அடுக்கினேன்: பன்னிரண்டு தேக்குத் தூண்கள், ஒவ்வொன்றும் பதினான்கு அடி, ஒரே மரத்தில் இழைத்த கதவு, பித்தளைக் குமிழ்கள். நானே நூல் பிடித்து அளந்தேன். கோயிலை இடிக்காமல் கூரையை மட்டும் மாற்ற வேண்டும் என்று பங்கு மக்களில் ஒரு பகுதியினர் கோருகிறார்கள் என்பதைக் கடைசிப் பத்தியில் வைத்தேன். மனதில் நிற்கட்டும் என்று. ஒரு பகுதியினர் என்பது டிராயிங் சாரும், மணியடிக்கும் கோயில்பிள்ளையும். பத்திரிகையில் இரண்டு பேரும் ஒரு பகுதியினர்தான்.

இடம் போதாவிட்டால் செய்தியை வாலிலிருந்து வெட்டுவார்கள். இதை வேலையில் சேர்ந்த வாரமே எனக்குச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் பஸ்ஸில் வந்த பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன். பித்தளைக் குமிழ்களோடு செய்தி முடிந்திருந்தது.

அதை வெட்டிப் பையில் வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியும் அச்சில் வந்துவிட்டது அல்லவா. மூன்றாம் நாள் பஸ் நிலையத்து டீக்கடையில் நிற்கிறேன். வெள்ளைச்சட்டைக்காரர்கள் இரண்டு பேர், ஒருவர் கையில் அதே செய்தி.

"தம்பி, இந்தத் தூணு இருக்குற கோயிலு எங்குட்டு இருக்கு?"

வெளியூரிலிருந்து என் செய்தியைப் படித்துவிட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள்! கோயில் வாசல்வரை கூட்டிப்போய் விட்டேன். மரவியாபாரிகள் என்பது, ஒருவர் விரலை மடக்கித் தூணைத் தட்டிக் காதை வைத்தபோதுதான் புரிந்தது.

அடுத்த வாரம் பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நன்றி சொல்ல.

"நல்ல சமயத்துல எழுதுனீக தம்பி. மரத்துக்கு இம்புட்டு மதிப்பு இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. மழைக்கு முந்தி வேலைய ஆரம்பிச்சுரலாம்."

"சாமி, நான் எழுதினது இடிக்க வேண்டாம்னு."

அவர் மேசையிலிருந்து பத்திரிகையை எடுத்து முழுக்கப் படித்தார். "அப்படி ஒரு வார்த்தையும் இல்லையே." பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன மழைக்கு மாதா தலையிலயே சொட்டுச்சு தம்பி. பாதிச் சனம் வெயில்ல நின்னு பூசை பாக்குறாக. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

வெட்டிய பத்தியைப் போடச் சொல்லி மதுரைக்குத் தந்தி கொடுத்தேன். அந்தச் செய்தி வந்துவிட்டதே என்று பதில் வந்தது. தூண்கள் இரண்டு லாரிகளில் போயின, லாரிக்கு ஆறு. கதவு மறுநாள் போனது. கோயில்பிள்ளை மணியை மட்டும் இறக்கி, பூசைக்குப் போட்ட ஓலைக்கொட்டகையில் கட்டினார்.

டிராயிங் சார் கண்ணில் படாமல் நாலு நாள் கொல்லைப்பக்கமாகப் போய்வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வாடை வந்தது. கூடவே அவர் குரலும்.

"தம்பி, அந்தத் துண்டு வச்சிருக்கீகளா?"

"இருக்கு சார்."

"கொண்டாங்க."

படத்தில் கோயிலின் வர்ணம் முழுவதையும் சுரண்டியிருந்தார். சுவர் இருந்த இடத்தில் வெள்ளைக்கரு பூசிய காரைச் சில்லுகள் பாதிவரை ஏறியிருந்தன. என் செய்தியை ஓரம் பிசகாமல் கத்தரித்து, வாசல் இருந்த இடத்தில் வைத்தார்.

"அந்த ஓரத்த அமுத்திப் பிடிங்க. காயட்டும்."

பிடித்துக்கொண்டிருந்தேன். லூர்து அக்கா வாசற்படியில் வந்து நின்று பார்த்தார். உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தார். இரண்டு கையும் பலகையில் இருந்ததால் நான் குடிக்கும்போது அது ஆறிப்போயிருந்தது.

ஓய்வு பெற்றதும் அவர்கள் திருச்சிக்கு, மகளிடம் போனார்கள். லாரியில் இடமில்லை என்று படத்தை வீட்டுக்காரரிடம் விட்டுப்போனதாகக் கேள்வி. அங்கிருந்து ஹோட்டல் சுவருக்கு எப்படி வந்தது என்று வரவேற்பு மேசைப் பெண்ணுக்கும் தெரியவில்லை.

கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் அந்தத் தெருவுக்கு நடந்து போனேன். என் அறையும் அவர்கள் வீடும் இருந்த இடத்தில் செல்போன் கடையும் கார் நிறுத்துமிடமும் இருந்தன. அந்தக் காலத்து வீடு என்று ஒன்று மிச்சம், அதிலும் பூட்டு. கோயில் இருந்த இடத்தைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கான்கிரீட் கோயிலின் கூரைக்கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்து விழுந்ததால் போன வருடம் அதை இடித்துவிட்டார்களாம். இப்போது கட்டிக்கொண்டிருப்பது மூன்றாவது.